பகலில் யாரும் இல்லாத ஊர்

இந்த ஊருக்கு வந்து தங்க வேண்டும் என்று ஆசைப்பட்டவள் நான் இல்லை, என் தோழி. அவள் அதுவரை இந்த ஊரைப் பார்த்ததுகூடக் கிடையாது.

இங்கிலாந்தின் வடக்கே கடலோரத்தில் ஒரு சின்ன ஊர். அங்கே ஒரே ஆஸ்பத்திரியில் நாங்கள் இருவரும் நர்ஸ் வேலை பார்த்தோம். அவள் அந்த ஊர்க்காரி. கணவர் சின்ன வயதிலேயே இறந்துவிட்டார், பிள்ளைகள் இல்லை. நான் இதே கோலார் தங்க வயலில் பிறந்தவள். அப்பாவுக்குச் சுரங்கத்தில் அண்டர்கிரவுண்ட் வேலை. பெங்களூரில் நர்சிங் படித்துவிட்டு, சுரங்கம் இன்னும் ஓடிக்கொண்டிருந்தபோதே அந்த நாட்டுக்குப் போய்விட்டேன். கல்யாணம் என்று ஒன்று நடக்கவில்லை. நடக்காததற்குப் பெரிய காரணமும் இல்லை. ஒவ்வொரு வருடமும் அடுத்த வருடம் பார்க்கலாம் என்று இருந்தேன், வருடங்கள் தீர்ந்துவிட்டன.

நாங்கள் ஒரு வீட்டை வாடகைக்கு எடுத்துச் சேர்ந்து இருந்தோம். ஆளுக்கொரு அறை, நடுவில் ஒரு சமையலறை. அவள் சமைத்தால் நான் பாத்திரம் கழுவுவேன். நான் ரசம் வைக்கும் நாளில் அவள் ஜன்னலைத் திறந்து வைத்துவிட்டு இரண்டு கிண்ணம் குடிப்பாள். ஓய்வு பெற்ற பிறகும் அப்படியே காலம் ஓடிவிடும் என்றுதான் நினைத்திருந்தோம். ஒருநாள் வீட்டுக்காரர் போன் செய்து, வீட்டை விற்கப்போவதாகச் சொன்னார். நல்ல மனிதர். சொல்லும்போது அவருக்கே குரல் இறங்கிப் போயிற்று.

வேறு வீடு தேடினோம். எங்கள் இரண்டு பென்ஷனுக்கும் அந்த ஊரில் கிடைத்ததெல்லாம் இருட்டாக, மாடிப்படி செங்குத்தாக, சுவரில் ஈரம் ஊறியதாக இருந்தது. எங்களோடு வேலை பார்த்தவர்களில் சிலர் போர்ச்சுகலுக்கும் ஸ்பெயினுக்கும் போயிருந்தார்கள். அங்கே செலவு குறைவு, வெயில் உண்டு. அவர்கள் அனுப்பும் போட்டோக்களைத் தோழி எனக்குக் காட்டுவாள். ஒரு மாலை போனைக் கீழே வைத்துவிட்டுக் கேட்டாள்.

"உன் ஊரில் வீட்டு வாடகை எவ்வளவு இருக்கும்?"

நான் சிரித்துவிட்டேன். "அங்கே போய் யார் இருப்பார்கள்? சுரங்கத்தை மூடி எத்தனையோ வருடம் ஆயிற்று. என் வீட்டு ஆட்கள்கூட ஒருவரும் இல்லை."

"மூடிவிட்ட ஊர் என்றால் வாடகை குறைவாகத்தானே இருக்கும்?" என்றாள்.

அவள் கணக்கு சரியாகத்தான் இருந்தது. பெங்களூரில் இருக்கும் என் அண்ணன் மகனிடம் விசாரித்தேன். எங்கள் ஊர் ராபர்ட்சன்பேட்டையை ஒட்டி ஒரு தனி வீடு, பின்னால் தோட்டம், கொய்யா மரம், இரண்டு பெரிய படுக்கையறை என்று போட்டோ அனுப்பினான். இங்கிலாந்தில் ஈரம் ஊறிய ஓர் அறைக்குக் கேட்ட வாடகையில் சின்னப் பங்குதான் இதற்கு. வேலைக்கு ஆள் வைத்துக்கொள்ளலாம், ஆட்டோவில் போய் வரலாம். தோழி அந்தக் கொய்யா மரத்தை விரலால் பெரிதாக்கிப் பெரிதாக்கிப் பார்த்தாள். வெள்ளைக்காரர்கள் சுரங்கம் நடத்திய காலத்தில் என் ஊரைக் 'குட்டி இங்கிலாந்து' என்று சொல்வார்கள் என்று நான் விளையாட்டாகச் சொன்னதையும் அவள் பிடித்துக்கொண்டாள். அந்தப் பெயரை நம்பி இவ்வளவு தூரம் கிளம்பியவள் அவள் ஒருத்தியாகத்தான் இருப்பாள்.

ஒரே ஒரு சிக்கல் இருந்தது. என்னிடம் இருப்பது அந்த நாட்டுப் பாஸ்போர்ட்தான் என்றாலும், இங்கே பிறந்தவள் என்பதால் ஆயுசுக்கும் தங்க அனுமதி உண்டு. அவளுக்குச் சுற்றுலா விசாதான். ஆறு மாதத்துக்கு மேல் இருக்க முடியாது. "குளிர்காலம் உன் ஊரில், வெயில் காலம் என் தங்கை வீட்டில். ராணிகூட இப்படி வாழ்ந்திருக்க மாட்டாள்" என்றாள். எனக்கும் அது நடக்கக்கூடியதாகத்தான் தோன்றியது. மேஜை, நாற்காலி, கட்டில் எல்லாவற்றையும் விற்றோம். விற்க முடியாததைக் கொடுத்தோம். கடைசி நாள் காலியான சமையலறையில் நின்றுகொண்டே டீ குடித்தோம்.

பெங்களூர் விமான நிலையத்தில் பாஸ்போர்ட்டைப் பார்த்த அதிகாரி, நான் பிறந்த ஊரைப் படித்துவிட்டு, "கேஜிஎஃப்பா?" என்று ஊர்ப் பெயரைச் சுருக்கிக் கன்னடத்தில் கேட்டார். ஆமாம் என்றேன். பதில் கன்னடத்தில்தான் வந்தது. நாக்கின் அடியில் இத்தனை வருடம் அது எங்கே கிடந்ததோ தெரியவில்லை. அவர் தலையை ஆட்டிவிட்டு முத்திரை குத்தினார். தோழியிடம் மட்டும் ஆங்கிலத்தில் நல்வரவு என்று சிரித்தார். எனக்கு அதைச் சொல்லவில்லை. நான் ஊருக்கு வருகிறவள் என்று நினைத்திருப்பார்.

வந்த முதல் வாரம் பக்கத்து வீட்டுப் பெண் காம்பவுண்டுச் சுவருக்கு மேலே தலையை நீட்டினாள். நாற்பது வயது இருக்கும். பெங்களூரில் ஒரு கம்பெனியில் கணக்கு வேலை பார்க்கிறாள். தினமும் ரயிலில் போய் வருகிறவள்.

"இன்னா ஆன்ட்டி, செட்டில் ஆயிட்டீங்களா? தண்ணி வர்ற நாளு தெரியுமா? தெரியலன்னா கேளுங்க."

'இன்னா' என்றால் என்ன என்று தோழி கேட்டாள். 'என்ன' என்று அர்த்தம், ஆனால் சௌக்கியமா என்று விசாரிப்பதற்கும் அதுதான், சண்டையைத் தொடங்குவதற்கும் அதுதான் என்றேன். அன்று முதல் அவள் அந்த ஒரு வார்த்தையை வைத்துக்கொண்டு ஊரையே சுற்றி வந்தாள். மார்க்கெட்டில் கீரைக்காரியிடம் "இன்னா?" என்பாள். கீரைக்காரி வாய்விட்டுச் சிரித்து ஒரு கட்டு கூடுதலாகப் போடுவாள். ஆட்டோக்காரர்கள் தூரத்திலிருந்தே "இன்னா மேடம்!" என்று கை காட்டுவார்கள். அந்த மாதங்களில் நான் அவளுக்குப் பின்னால் பை தூக்கிக்கொண்டு போனேன். பிறந்த ஊரில் என்னை யாருக்கும் தெரியவில்லை. அவளை எல்லாருக்கும் தெரிந்தது.

நான் பிறந்த வீட்டைப் பார்க்க வேண்டும் என்று அவள் விடாமல் கேட்டாள். எனக்கு ஆர்வமே இல்லை. ஆனாலும் ஒரு ஞாயிற்றுக்கிழமை கூட்டிப்போனேன். சுரங்கத் தொழிலாளிகளுக்கென்று வரிசையாகக் கட்டிய லைன் வீடுகள். ஒரே அறை, ஒரு அடுப்படி. எங்கள் வீட்டுக்கு இப்போது நீலப் பெயின்ட் அடித்திருந்தார்கள். டிஷ் ஆன்டெனா வைத்திருந்தார்கள். வாசலில் துணி உலர்த்திக்கொண்டிருந்த பெண், யார் என்ன என்று கேட்காமலே "உள்ளே வாங்க" என்றாள். நாற்காலி போட்டாள். ஆறு பேர் இதற்குள்ளேதான் இருந்தோம் என்று தோழியிடம் சொன்னேன். அவள் சுற்றிலும் பார்த்தாள், கூரையைப் பார்த்தாள், அழத் தொடங்கிவிட்டாள்.

அந்தப் பெண் பதறிப்போய், "இன்னா ஆச்சு இவங்களுக்கு?" என்று என்னைக் கேட்டாள்.

"ஒண்ணும் இல்லம்மா. மனசு கஷ்டமாயிடுச்சி."

"அவங்க வீடா இது?"

"இல்ல, என் வீடு."

அவள் எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தாள். எனக்குக் கண்ணில் ஒரு சொட்டுத் தண்ணீர் வரவில்லை. அந்தச் சுவரில் எனக்குத் தெரிந்தது எதுவுமே மிச்சம் இல்லை. ஆட்டோவில் திரும்பும்போது தோழி என் கையைப் பிடித்துக்கொண்டே வந்தாள். எனக்கு அது வேண்டியிருக்கவில்லை, ஆனால் கையை இழுத்துக்கொள்ளவும் இல்லை.

இந்த ஊரைப் பற்றி எங்களுக்குத் தெரியாத ஒன்று இருந்தது. போட்டோவில் அது தெரியாது. விடிவதற்கு முன்பே ஊர் கிளம்பிவிடுகிறது. ஊர்க்கோடியில் மாரிக்குப்பம் ஸ்டேஷனிலிருந்து புறப்படும் ரயில்கள் ஊரில் வேலை செய்யக்கூடிய வயதில் இருக்கிறவர்களை எல்லாம் அள்ளிக்கொண்டு பெங்களூருக்குப் போய்விடும். இருட்டிய பிறகுதான் திருப்பிக் கொண்டுவந்து விடும். பஜார்ப் பக்கம் போனால் கடைகள் இருக்கின்றன, சத்தம் இருக்கிறது. ஆனால் எங்கள் தெருவில் காலை எட்டு மணிக்கு மேல் பேச்சுக்குரல் கேட்காது. கதவுகளில் பூட்டுத் தொங்கும். தெருமுனையில் நின்று பார்த்தால், தங்கத்தை எடுத்துவிட்டுக் கொட்டிய சாம்பல் நிற மண்மேடுகள் மட்டும் தெரியும். காற்றுக் காலத்தில் அந்தத் தூசி வந்து ஜன்னல் கம்பியில் படியும்.

பக்கத்து வீட்டுப் பெண்ணிடம் இதைச் சொன்னேன். அவள் சிரித்தாள். "பகல்ல ஊர்ல யாரு கீறாங்க ஆன்ட்டி? நாயும் பென்ஷன்காரங்களும்தான்."

முதல் மூன்று மாதம் அந்த அமைதி தோழிக்குப் பிடித்திருந்தது. புத்தகம் படித்தாள், கொய்யாவில் ஜாம் போட்டாள். பிறகு மெல்ல மெல்ல அவள் என் பின்னாலேயே வரத் தொடங்கினாள். நான் சமையலறைக்குப் போனால் சமையலறைக்கு வருவாள். கொல்லைக்குப் போனால் கொல்லைக்கு. கேஸ்காரன் வந்தாலும், வேலைக்காரப் பெண் ஏதாவது கேட்டாலும், டிவியில் யாராவது சிரித்தாலும் என் முகத்தைப் பார்ப்பாள். நான் சொல்ல வேண்டும். சொல்லிச் சொல்லி எனக்கு அலுத்துப்போய், பிறகு பாதியைத்தான் சொன்னேன். அதன் பிறகு, "முக்கியமா ஒண்ணும் இல்லை" என்று விட்டுவிட்டேன்.

ஒருநாள் பேங்க் வேலையாகத் தனியாகப் போனேன். அங்கே கூட்டம். முடித்துவிட்டு, யாருக்கும் எதையும் மொழிபெயர்த்துச் சொல்ல வேண்டியில்லாத அந்தச் சுகத்தில் ஒரு ஹோட்டலில் உட்கார்ந்து மெதுவாக ஒரு காப்பி குடித்தேன். போனை எடுத்துப் பார்க்கவில்லை. வீட்டுக்கு வந்தபோது நல்ல வெயில். தோழி கேட்டுக்கு வெளியே தெருவில் நின்றுகொண்டிருந்தாள். வெளியே போகிற உடை, தொப்பி, தோளில் பை. முகம் சிவந்து கன்றிப்போயிருந்தது.

"எங்கே கிளம்பிவிட்டாய்?" என்றேன்.

"எங்கேயும் இல்லை. நீ வரவில்லை. உன்னைத் தேடிப் போகலாம் என்று வெளியே வந்தேன். எந்தப் பக்கம் போவது என்று தெரியவில்லை. யாரிடமாவது கேட்கலாம் என்றால் தெருவில் ஒருவருமே இல்லை."

"ஒரு பேங்குக்குப் போய் வருவதற்குள் இப்படியா? நீ என்ன சின்னக் குழந்தையா?"

கோபத்தில்தான் கேட்டேன். அவள் உள்ளே போய் நாற்காலியில் உட்கார்ந்தாள். தண்ணீர் கொண்டுபோய்க் கொடுத்தேன். குடித்துவிட்டுத் தாழ்ந்த குரலில் சொன்னாள்.

"நான் இருபது நோயாளிகள் இருக்கிற வார்டைத் தனியாகப் பார்த்தவள். உனக்குத் தெரியும். இங்கே நீ பக்கத்தில் இல்லையென்றால் நான் யாருமே இல்லை. என்னால் என் தலைவலியைக்கூட யாரிடமும் சொல்ல முடியாது. அந்த ஒரு வார்த்தையைத் தவிர எனக்கு வேறு வார்த்தை இல்லை. அதைக் கேட்டு எல்லோரும் சிரிக்கிறார்கள். அதற்கு மேல் அவர்களுக்கும் என்னிடம் ஒன்றும் இல்லை."

நான் அவள் எதிரில் உட்கார்ந்தேன். அவள் நாட்டுக்கு நான் போன புதிதில், ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுவதும் ஒரு வார்த்தைகூடப் பேசாமல் கழிந்துவிட்டதே என்று, பஸ் டிரைவரிடம் டிக்கெட் கேட்பதற்காகவே பஸ் ஏறியிருக்கிறேன். அதை அவளிடம் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. அன்றைக்கு அது சண்டையில் ஜெயிக்கப் பார்ப்பது போல இருக்கும் என்று தோன்றியது.

ஆறு மாதம் முடிந்து அவள் புறப்பட்டாள். ஒரே ஒரு பெட்டிதான் எடுத்துப்போனாள். மற்றதெல்லாம் அவள் அறையில் அப்படியே இருந்தது. அக்டோபரில் வந்துவிடுவேன் என்றாள். விமான நிலையத்தில் கட்டிக்கொண்டபோது, "கொய்யாவை வௌவாலுக்கு விட்டுவிடாதே" என்றாள். அண்ணன் மகனின் காரில் திரும்பி வந்தேன். வழியெல்லாம் அவன் போனில் ஆபீஸ் விஷயம் பேசிக்கொண்டே வந்தான். அது எனக்கு வசதியாக இருந்தது.

முதலில் தினமும் சாயங்காலம் கூப்பிடுவாள். தங்கை வீட்டில் மாடியறை கொடுத்திருந்தார்கள். தங்கையின் நாயைக் கூட்டிக்கொண்டு கடற்கரையில் நடப்பதாகச் சொல்வாள். பிறகு இரண்டு நாளுக்கு ஒருமுறை ஆயிற்று. பிறகு ஞாயிற்றுக்கிழமை மட்டும். ஆகஸ்ட் மாதம் பேச்சினிடையே அவள் 'நாங்கள்' என்று சொன்னாள். இத்தனை வருடமும் அவள் யாரிடம் நாங்கள் என்றாலும் அது அவளும் நானும். இப்போது அது அவளும் தங்கையும். அவள் கவனிக்கவில்லை. எனக்கு அதற்குப் பிறகு அவள் சொன்னது எதுவும் காதில் ஏறவில்லை.

செப்டம்பரில் ஒருநாள், நான் கேட்காமலே சொன்னாள்.

"டிக்கெட் போடவில்லை."

"விலை இறங்கட்டும் என்று பார்க்கிறாயா?"

"இல்லை. போடவில்லை."

அவள் பக்கம் நாய் எதையோ உருட்டுகிற சத்தம் கேட்டது.

"உன்னிடம் எப்படிச் சொல்வது என்று ஒரு மாதமாகத் தெரியவில்லை" என்றாள். "அந்த வீடு அழகான வீடு. நீ என்னை நன்றாகப் பார்த்துக்கொண்டாய். ஆனால் இங்கே நான் ரொட்டி வாங்கப் போகும்போது கடைக்காரப் பெண்ணோடு மழையைப் பற்றிப் பேசுகிறேன், பார், அது வேண்டியிருக்கிறது எனக்கு."

"புரிகிறது" என்றேன். உண்மையாகவே புரிந்தது. அதுதான் கஷ்டம். புரியாமல் இருந்தால் கோபப்பட்டிருக்கலாம்.

"நீ வந்துவிடேன். இங்கே சோபா இருக்கிறது."

தங்கை வீட்டு சோபாவில் எத்தனை நாள் படுக்க முடியும்? அங்கே தனியாக ஒரு வீடு எடுக்க என் பென்ஷன் போதாது என்பது அவளுக்கும் தெரியும். தெரிந்தேதான் சொன்னாள். சொல்லாமல் இருக்க முடியாததால் சொன்னாள். அவள் பொருட்களை என்ன செய்வது என்று கேட்டேன். யாருக்காவது கொடுத்துவிடு என்றாள். அடுத்த வாரம் வேலைக்காரப் பெண்ணைக் கூப்பிட்டு வேண்டியதை எடுத்துக்கொள்ளச் சொன்னேன். அவள் எல்லாவற்றையும் எடுத்துக்கொண்டாள். அறை ஒரே மத்தியானத்தில் காலியாகிவிட்டது.

இந்த ஊர் வேண்டாம் என்று சொன்னவள் நான். வந்து தங்கியவளும் நான்தான். குளிர்காலம் முழுக்க அதையே நினைத்துக்கொண்டிருந்தேன். காலையில் சுவருக்கு அந்தப் பக்கம் பாத்திரச் சத்தம், அவசரமாகக் கேட் திறக்கும் சத்தம், அதன் பிறகு ஒன்றுமே இல்லை. வேலைக்காரப் பெண் அரை மணி நேரத்தில் முடித்துக்கொண்டு ஓடிவிடுவாள், அவளுக்கு இன்னும் நாலு வீடு. ஒருநாள் பால்காரரிடம் பேச வாயெடுத்தபோது என் குரல் கரகரவென்று வந்தது. முந்தைய நாள் காலைக்குப் பிறகு நான் பேசவே இல்லை என்பது அப்போதுதான் தெரிந்தது. ஏதாவது க்ளினிக்கில் உதவிக்குப் போகலாம் என்று இரண்டு இடத்தில் கேட்டேன். மரியாதையாக உட்காரவைத்து, டீ கொடுத்து, என் வயதைக் கேட்டுவிட்டு, சொல்லி அனுப்புகிறோம் என்றார்கள்.

ஜனவரியில் ஒரு காலை, விடிவதற்கு முன்பே எழுந்து குளித்து, நல்ல புடவை ஒன்றைக் கட்டிக்கொண்டு கேட்டுக்கு வந்தேன். பக்கத்து வீட்டுப் பெண் டிபன் பையோடு வெளியே வந்தாள். ஸ்வெட்டர், காதைச் சுற்றி மப்ளர்.

"இன்னா ஆன்ட்டி, இந்த நேரத்துக்கு?"

"பெங்களூர் போறேன். ஒரு ஆஸ்பத்திரியில வேலை இருக்கு."

வேலை என்று சொன்னது ஒரு காரியம் இருக்கிறது என்ற அர்த்தத்தில்தான். அவள் அதை உத்தியோகம் என்று எடுத்துக்கொண்டாள். "அட, சூப்பர்! எங்க கோச்சுல வாங்க, இடம் போட்டு வெக்கறேன்" என்றாள். நான் திருத்தவில்லை.

அந்த ரயில் பெட்டியை என்னால் மறக்க முடியாது. வெளியே இருட்டு, உள்ளே அவ்வளவு வெளிச்சம், அவ்வளவு பேச்சு. தமிழ், கன்னடம், தெலுங்கு எல்லாம் ஒரே வாக்கியத்தில் வந்து போயிற்று. ஒரு பெண் மடியில் பேப்பரை விரித்துப் பூண்டு உரித்துக்கொண்டிருந்தாள். இன்னொருத்தி தலையைப் பின்னிக்கொண்டே மாமியாரைத் திட்டிக்கொண்டு வந்தாள். யாரோ இட்லிப் பொட்டலத்தை என் பக்கம் நீட்டினார்கள். என்னைப் பற்றி யாரும் அதிகம் கேட்கவில்லை. "நர்ஸம்மா" என்று ஒரே பெயராக வைத்துவிட்டு அவரவர் கதைக்குப் போய்விட்டார்கள். இரண்டு பக்கமும் தோள்கள் என்மேல் இடித்துக்கொண்டிருந்தன. பங்காரப்பேட்டையில் இன்னும் கூட்டம் ஏறியபோது நான் ஜன்னலோடு நெருங்கிக் கொடுத்தேன். எத்தனையோ மாதத்துக்குப் பிறகு மனிதர்களின் சூடு.

பெங்களூரில் எல்லோரும் இறங்கி ஓடினார்கள். எனக்கு ஓட இடம் இல்லை. பிளாட்பாரத்துக் கடைசியில் ஒரு பெஞ்சில் உட்கார்ந்து ஒரு காப்பி குடித்தேன், வண்டிகளைப் பார்த்தேன். மத்தியானம் புறப்பட்ட ஒரு வண்டியில் திரும்பிவிட்டேன். அதில் கூட்டம் இல்லை.

பிறகு அது வழக்கமாகிவிட்டது. தினமும் இல்லை, வாரத்தில் மூன்று நாள். அந்த மூன்று நாளுக்காக மற்ற நாட்களைத் தள்ளினேன். பூண்டு உரிக்கும் பெண்ணுக்குச் சர்க்கரை நோய் இருந்தது. காலில் ஆறாத புண்ணைக் காட்டினாள். எந்த டாக்டரிடம் போக வேண்டும், என்ன கேட்க வேண்டும் என்று சொன்னேன். அடுத்த வாரம் அவள் புண் ஆறிவருகிறதென்று எல்லோருக்கும் காட்டினாள். அன்று நான் இறங்கிய பிறகு அந்தப் பெஞ்சு வரைக்கும் நல்ல வேகமாக நடந்தேன். நிஜமாகவே எங்கோ வேலைக்குப் போகிறவள் மாதிரி.

ஒருநாள் பதினோரு மணி இருக்கும், பெஞ்சில் உட்கார்ந்திருக்கிறேன், எதிரே பக்கத்து வீட்டுப் பெண் வருகிறாள். துப்பட்டாவை நெற்றியோடு இறுக்கிக் கட்டியிருந்தாள். தலைவலி தாங்காமல் ஆபீஸில் அரை நாள் சொல்லிவிட்டு வந்திருக்கிறாள். என்னைப் பார்த்து நின்றாள்.

"இன்னா ஆன்ட்டி, டூட்டிக்குப் போகலியா?"

பொய் சொல்ல ஏதாவது கிடைக்குமா என்று தேடினேன். கிடைக்கவில்லை.

"டூட்டி எதுவும் இல்லம்மா. இங்கதான் உக்காந்திருப்பேன்."

"தினமுமா?"

"வர்ற நாளெல்லாம்."

அவள் என்னையே பார்த்தாள். பக்கத்தில் உட்கார்ந்தாள். பையிலிருந்து மாத்திரை எடுத்து, என் தண்ணீர் பாட்டிலை வாங்கி விழுங்கினாள். "எதுக்கு?" என்று கேட்பாள் என்று காத்திருந்தேன். அவள் கேட்கவில்லை. வண்டி வந்ததும் என் கையிலிருந்த பையை வாங்கிக்கொண்டாள். "வாங்க, ஜன்னல் சீட்டு புடிக்கலாம்" என்றாள். ஊர் வரும்வரை என் தோளில் தலையைச் சாய்த்துத் தூங்கிவிட்டாள். இறங்கும்போது மட்டும், "கோச்சுல யாருகிட்டயும் நான் சொல்ல மாட்டேன் ஆன்ட்டி" என்றாள்.

அதன் பிறகு எனக்கே கூச்சமாகிவிட்டது. ரயில் போவதைக் குறைத்துக்கொண்டேன். இப்போது எப்போதாவது ஒருமுறை போகிறேன், நிஜமாகவே ஏதாவது வாங்க வேண்டியிருந்தால். பெட்டியில் இன்னும் இடம் தருகிறார்கள். நான் ஆஸ்பத்திரி வேலையை விட்டுவிட்டதாகப் பக்கத்து வீட்டுப் பெண்ணே சொல்லி வைத்திருக்கிறாள்.

அந்தப் பிளாட்பாரச் சந்திப்புக்கு இரண்டு மூன்று வாரம் கழித்து, ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் கேட் திறக்கும் சத்தம் கேட்டது. அவள்தான். நைட்டிமேல் துண்டு போட்டுக்கொண்டு வந்து நின்றாள். அவள் வீட்டில் கணவன், இரண்டு பையன்கள், மாமியார். ஞாயிற்றுக்கிழமை என்றால் டிவியும் கிரிக்கெட்டும் கத்தலும் தெருவுக்கே கேட்கும்.

"உங்க வீட்டுல கொஞ்ச நேரம் படுத்துக்கட்டா ஆன்ட்டி?" என்றாள். "எங்க வீட்டுல கண்ணை மூட முடியல. உங்க வீடு எவ்ளோ அமைதியா கீது! நான் தினமும் நினைச்சிக்குவேன், ஆன்ட்டி கொடுத்து வெச்சவங்கன்னு."

வாம்மா என்றேன். உள் அறைக்குப் போகச் சொன்னேன். வேண்டாம், இங்கேயே போதும் என்று கூடத்துச் சோபாவில் காலை மடக்கிப் படுத்தாள். ஒரு நிமிடம்கூட ஆகவில்லை, தூங்கிப்போனாள். வாய் லேசாகத் திறந்திருந்தது. வாரம் முழுக்க ரயிலில் நின்ற உடம்பு.

நான் எதிர் நாற்காலியில் உட்கார்ந்தேன். சாயங்காலத்துக்கென்று ஊறவைத்த பருப்பை அரைக்க வேண்டியிருந்தது, மிக்ஸி போட்டால் எழுந்துவிடுவாள் என்று விட்டுவிட்டேன். போன் அடித்துவிடப் போகிறதே என்று சத்தத்தை நிறுத்தி வைத்தேன். வெயில் தரையில் நகர்ந்து அவள் காலருகே வந்தபோது எழுந்துபோய்த் திரையை இழுத்துவிட்டேன். அவள் மூச்சு சீராக வந்துகொண்டிருந்தது. வார்டில் மூச்சைக் கேட்டே ஆளைச் சொல்லிப் பழகியவள் நான். அப்படியே கேட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். எனக்கு வேறு எதுவும் செய்யத் தோன்றவில்லை.

நாலு மணிக்கு எழுந்து, கூச்சத்தோடு முகத்தைத் துடைத்துக்கொண்டாள். டீ போட்டுக் கொடுத்தேன். குடித்துவிட்டு, பையனுக்குப் பரீட்சை இருக்கிறது, உட்காரவைத்துப் படிக்கவைக்க வேண்டும் என்று கிளம்பினாள். இப்போதெல்லாம் மாதத்தில் ஒன்றிரண்டு ஞாயிற்றுக்கிழமை இப்படி வருகிறாள். அதிகம் பேசுவதில்லை, வருகிறாள், தூங்குகிறாள், டீ குடிக்கிறாள், போகிறாள். வராத ஞாயிற்றுக்கிழமைகளில் மூன்று மணி வரைக்கும் பார்த்துவிட்டு, மிக்ஸியைப் போடுகிறேன்.